சென்சார் சட்டைக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், நான்கு மணி வெயிலில் திடலில் நிற்கும் விளையாட்டு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு பள்ளியின் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காற்பந்துக் குழுவுக்கு சென்சார் பொருத்திய சட்டை வாங்கித் தர ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார் என்று அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெரிய ஆட்டக்காரர்கள் ஜெர்சியைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக ஒரு குட்டைப் பனியன் தெரியும்; முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, சின்னக் கருவி ஒன்று செருகியிருக்கும். "இதைப் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குக் காயமே வராது" என்றார் ஒருவர். நானும்தான் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அன்று எழுந்து பேசியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை, பயிற்றுநரும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை. 1972இல் அந்தப் பேட்டை தொடங்கியதிலிருந்து நம் குடும்பங்களில் பாதிப் பேர் அங்கே ஷிப்ட் பார்த்தவர்கள்தானே. உணரி என்று பாடப்புத்தகம் சொல்லும்; எங்களுக்கு அது சென்சார். அந்தச் சாமானோடுதான் என் பகல் கழிகிறது.

எங்கள் தளத்தில் ஓடும் பம்புகளின் மேல் அதிர்வை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கும். உள்ளே பேரிங் தேய ஆரம்பித்தால், சத்தம் நம் காதுக்கு எட்டுவதற்கு வாரக்கணக்கில் முன்பே திரையில் அதிர்வுக் கோடு மெல்ல ஏறத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து ஒரு நாள் குறித்து, பம்பை நிறுத்தி, பேரிங்கை மாற்றிவிடுவோம். அந்தச் சட்டைக்குள் இருப்பதும் இதே இனம்தான். சிலிக்கனில் செதுக்கிய ஒரு துளி எடை நுண்ணிய வில்லில் தொங்கும். உடம்பு குலுங்கினால் அது அசையும். அந்த அசைவு எண்ணாக மாறும். கூடவே உடம்பு திரும்புவதை அளக்க ஒரு கைரோஸ்கோப், ஓடிய தூரத்துக்கு வினாடிக்குப் பத்து முறை இடம் குறிக்கும் ஜிபிஎஸ். ஆஸ்திரேலியாவின் தேசிய விளையாட்டுக் கழகத்தின் ஆய்வில் முளைத்து, 2006இல் மெல்பர்னில் கேட்டபல்ட் என்ற நிறுவனமாகக் கிளைத்த தொழில் இது. 2015இல் காற்பந்து விதிகளும் ஆட்டத்தின் நடுவே இதை அணிய இடம் கொடுத்தன. ஆகவே இது ஏமாற்று வேலை இல்லை. நான் கேட்பது, திரையில் கோடு ஏறும்போது அதைப் பார்க்கப்போவது யார், பார்த்துவிட்டு என்ன செய்யப்போகிறார் என்பதைத்தான்.

என் மகளின் கதையைச் சொன்னால் விளங்கும்.

அப்போது அவள் ஆறாம் ஆண்டு, 12 வயது. பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருந்தாள். திங்களும் புதனும் பயிற்சி. சனிக்கிழமை வெளியே ஒரு கிளப்பில் ஒன்றரை மணி நேரம். அதோடு குறுக்கோட்டப் (கிராஸ் கன்ட்ரி) பருவம் வந்தது. மாவட்டப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். செவ்வாயும் வியாழனும் வேறொரு ஆசிரியரிடம் ஓட்டப் பயிற்சி. மகள் மாவட்டத்துக்குப் போகிறாள் என்ற பெருமையில் ஞாயிற்றுக்கிழமைக் காலை நானே அவளைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப் போனேன். ஐந்நூற்றுச் சொச்சம் படி. தைப்பூசத்தில் காவடி ஏறும் படிகளில் அவள் ஓடி ஏறுவாள், ஓடி இறங்குவாள். நான் கீழே நின்று கைக்கடிகாரம் பார்ப்பேன். பிறகு இரண்டு பேரும் தோசை சாப்பிட்டுவிட்டு வருவோம். நல்ல அப்பா என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம், வலிக்கிறது என்றாள். வளர்கிற பிள்ளைக்கு வருவதுதான் என்றார் என் அம்மா. கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நான்காவது வாரம் இரவில் வலியோடு விழித்துக்கொண்டாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில்தான் கணைக்கால் எலும்பில் அழுத்த முறிவு என்று தெரிந்தது. விழாமல், மோதாமல், திரும்பத் திரும்ப விழும் அடியிலேயே எலும்பில் விழும் விரிசல். மாவட்டப் போட்டி அன்று அவள் ஊன்றுகோலோடு திடலோரத்தில் உட்கார்ந்து தோழிகளுக்குக் கை தட்டினாள்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். எலும்புக்குப் புதுச் சுமை வந்தால் அது முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதியதைக் கட்டுமாம். வீட்டுச் சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்புகிறோமே, அது மாதிரி. இடித்த பின்பு, கட்டி முடிப்பதற்கு முன்பு, சில வாரங்கள் வீடு பலவீனமாக இருக்கும். சரியாக அந்த வாரங்களில்தான் அவளைப் படியில் ஓடவிட்டிருக்கிறேன்.

ஒரு கணக்கு முறையும் கிடைத்தது. ஸ்வீடனின் உளவியலாளர் குன்னார் போர்க், மனிதர் தம் உழைப்பைத் தாமே மதிப்பிட ஓர் அளவுகோல் செய்தார். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் அதைப் பயிற்சிக்குப் பொருத்தினார்; 2001இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் கையேடு மாதிரி. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையிடம் ஒரே கேள்வி: எவ்வளவு கஷ்டமாக இருந்தது, 0 முதல் 10 வரை சொல். அந்த எண்ணைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய சுமை. அவ்வளவுதான். கருவி வேண்டாம், சந்தா வேண்டாம்.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வாரத்தை நினைவிலிருந்து எழுதினோம். காற்பந்து ஒரு மணி நேரம், கஷ்டம் 5. ஒரு நாளுக்கு 300, இரண்டு நாளுக்கு 600. கிளப்பில் 90 நிமிடம், கஷ்டம் 6, ஆக 540. இதுதான் அவளுடைய வழக்கமான வாரம்: 1,140. குறுக்கோட்டம் வந்ததும் ஒரு மணி நேரம், கஷ்டம் 7, இரண்டு நாள், அது 840. தண்ணீர்மலை 40 நிமிடம். எவ்வளவு என்று கேட்டேன். "ஒன்பது, பா" என்றாள். 360. மொத்தம் 2,340. ஒரே வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல்.

காற்பந்து ஆசிரியருக்கு 600 தெரியும். ஓட்ட ஆசிரியருக்கு 840 தெரியும். கிளப் பயிற்றுநருக்கு 540. மூவருமே அக்கறையானவர்கள், யாரும் அளவுக்கு மீறிக் கொடுக்கவில்லை. 2,340 என்ற எண்ணைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். அந்த நானே 360-ஐக் கூட்டினேன்.

இப்போது சென்சார் சட்டை இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்குச் சொந்தமான சட்டை பள்ளிக் காற்பந்துக்கு மட்டும்தான் வெளியே வரும். 2,340இல் 600 மட்டும் அதில் பதிவாகும், அதுவும் ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி, பச்சை விளக்கு. சரி, ஞாயிற்றுக்கிழமையும் போட்டுக்கொண்டு போனாள் என்றே வைத்துக்கொள்வோம். ஜிபிஎஸ் கணக்கிடுவது பெரும்பாலும் தரையில் கடந்த தூரத்தை. மலைப்படி ஏறி இறங்குவது அதற்கு ஏதோ கொஞ்ச தூரம் மெதுவாக நடந்ததாகத்தான் தெரியும். படி இறங்கும்போது ஒவ்வொரு காலிலும் விழும் அடியை அதிர்வுச் சென்சார் பிடிக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். பூப்பந்து மண்டபத்துக்குள் இன்னும் சிக்கல். கூரைக்குக் கீழே செயற்கைக்கோளே தெரியாது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பூப்பந்து ஆடுகிறவர்கள்.

சுமை ஏறினால் காயம் வரும் என்பதையும் நாலு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் விளையாட்டு ஆய்வாளர் டிம் கேபெட் 2016இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்துப் பார், 0.8க்கும் 1.3க்கும் நடுவே இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து என்றார். சட்டை விற்பவர்கள் அந்த எண்ணைச் சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் அந்த வகுத்தலிலேயே கோளாறு இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே எல்லை பொருந்தாது என்று பின்னால் வந்த புள்ளியியல் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரே நாளில் வாங்கிய இரண்டு பம்புகளுக்கே நாங்கள் ஒரே எச்சரிக்கை எல்லை வைப்பதில்லை. நார்வேயின் விளையாட்டு மருத்துவர் ரோல்ட் பார் அதே 2016இல் இன்னும் கறாராகச் சொன்னார்: முன்கூட்டிச் சோதித்து யாருக்குக் காயம் வரும் என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்லும் சோதனை எதுவும் தேறவில்லை, அநேகமாகத் தேறப்போவதும் இல்லை என்று. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2012 மே மாதம் வூஹானில் தாமஸ் கிண்ண ஆட்டத்தில் கணுக்காலைத் திருப்பிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். லண்டன் ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம்கூட இல்லை. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கால் தரையில் பிசகும் அந்த ஒரு கணத்தை எந்தச் சட்டையும் முந்தின நாளே சொல்லியிருக்காது. என் மகளுக்கு வந்த மாதிரி, வாரக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து வரும் காயத்துக்குத்தான் கணக்கு உதவும். இதையே பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கணக்குக்கு எதிரி எங்கே இருக்கிறது தெரியுமா? பம்புக்கு வெட்கம் கிடையாது. அது வலியை மறைக்காது. பிள்ளை மறைக்கும். என் மகள் முதல் வாரத்திலேயே வலியை உணர்ந்திருக்கிறாள். சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. "ஒன்பது" என்று சொன்னவளை உட்கார வைத்துவிட்டு வேறொருத்தியை இறக்கினால், அடுத்த வாரம் குழுவே "ஐந்து" என்று சொல்லும். தொழிற்சாலையிலும் பார்த்திருக்கிறேன். அலாரம் அடித்த ஷிப்டைத் திட்டினால், அடுத்த முறை அலாரத்தை அமுக்கிவிட்டுத்தான் மேலதிகாரியைக் கூப்பிடுவார்கள். அதனால் இந்தக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் உண்மையாக எழுதும் பிள்ளைக்கு இழப்பு எதுவும் வரக்கூடாது. ஒரு நாள் ஓய்வு கிடைக்கட்டும், இடம் போக வேண்டாம். விளையாட்டு ஆசிரியர்களே, இது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதில்லை. பினாங்கில் நமக்கு 28 தமிழ்ப்பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியிலும் குழுவில் ஆடும் பிள்ளைக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். அது பள்ளியில் பூட்டி வைக்கும் புத்தகம் இல்லை. பிள்ளையின் பையில் பள்ளிக்கும் கிளப்புக்கும் வீட்டுக்கும் கூடவே போக வேண்டும். நிமிடம், கஷ்டம், எங்கேயாவது வலி உண்டா, நேற்று எத்தனை மணி நேரம் தூக்கம். நாலு கட்டம். வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர், ஆசிரியராக இருக்கட்டும் பெற்றோராக இருக்கட்டும், கூட்டிப் பார்த்து, வழக்கத்தைவிட மிகவும் தாவியிருந்தால் பிள்ளைக்குப் பயிற்சி தரும் மற்றவர்களுக்கும் ஒரு போன் செய்ய வேண்டும். தூக்கத்தை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பதின்ம வயது விளையாட்டாளர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. நம் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வருவதே இரவு ஒன்பதரைக்கு.

பெண் பிள்ளைகள் வளர வளர இன்னொன்றையும் அம்மாக்கள் கவனிக்க வேண்டும். சாப்பாடு போதாமல் கடுமையாக ஓடும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம். அது எலும்பு மெலிவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அதைப் புத்தகத்தில் எழுதவேண்டாம், ஆனால் வீட்டில் பேசாமலும் இருக்கவேண்டாம்.

வயதைவிட அதிக மணி நேரம் ஒரு வாரத்தில் ஆடவிடாதே என்று ஓர் எளிய வழிகாட்டல் உண்டு. மருத்துவர் நீரு ஜெயந்தி குழுவினரின் 2015ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்தது. 12 வயதுக்கு 12 மணி நேரம். நல்ல வழிகாட்டல்தான், ஆனால் அதை மட்டும் நம்பினால் என் வீட்டில் நடந்தது தப்பிவிடும். என் மகள் அந்த மோசமான வாரத்திலும் ஆறு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தாள். மணி நேரம் சிறியது, தாவல் பெரியது.

நன்கொடையாளர் பணத்தைக் கருவிக்குத்தான் தருவேன் என்றால், தயவுசெய்து முதலில் வெப்ப அளவி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். நிழலில் தொங்கும் சாதாரண வெப்பமானி போதாது. ஈரப்பதம், வெயிலின் சூடு, காற்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஈரக்குமிழ்க் கோள வெப்ப அளவி. 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியில் சுருண்டு விழுவதைத் தடுக்க உண்டாக்கிய கணக்கு அது. அதில் எழுபது விழுக்காடு எடை ஈரக்குமிழுக்கு, அதாவது வியர்வை காய முடியுமா முடியாதா என்பதற்கு. பினாங்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இந்த அளவில் 32 டிகிரியைத் தொட்டால் ஆட்டத்தின் நடுவே குளிர்விக்கும் இடைவேளை விட வேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டல். 2023 மே மாதம் கல்வி அமைச்சு வெயிலுக்காகப் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளையே நிறுத்தியது நினைவிருக்கும். நாடு முழுக்க நிறுத்துவதற்கு முன்னால் நம் திடலில் இன்று ஓடலாமா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். ஒரு கருவி, பள்ளி முழுமைக்கும் போதும், பிள்ளையின் பெயர்கூட அதில் ஏறாது. கால் வலி ஆறு வாரத்தில் ஆறும். வெப்பத் தாக்கு உயிரை எடுத்துவிடும்.

பயிற்சிக்கு முன் செய்யும் உடல் தயார்ப்படுத்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஃபிஃபாவின் 11+ என்ற இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தபோது மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 7 முதல் 13 வயதுக்கு அதன் சிறுவர் வடிவம் தனியாக உண்டு. அதைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கருவியே இல்லை. திடலை இரண்டு சுற்று ஓடிவிட்டுக் கையைக் காலை உதறுவதை மட்டும் இனி விட்டுவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் சென்சார் சட்டை வந்தே தீரும் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒருநாள் அணிந்து பார்க்க எனக்கே ஆசைதான். ஆனால் வாங்குவதற்கு முன்பு இரண்டாம் ஆண்டு சந்தா யார் கட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல கருவிகள் சந்தா நின்றால் வெறும் பனியன்தான். பிள்ளைகளின் எண்கள் எந்த நாட்டுக் கணினியில் போய் உட்காரும், ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளையின் பதிவை அழித்துத் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு அந்த வரைபடங்களைப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். யார் அதிகம் ஓடினார், யார் குறைவாக ஓடினார் என்று ஒரு பட்டியல் அங்கே வந்துவிட்டால் அடுத்த நாள் எல்லா அப்பாவும் தண்ணீர்மலை அடிவாரத்தில் கைக்கடிகாரத்தோடு நிற்பார்கள். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

மகள் இப்போது இரண்டாம் படிவம். மறுபடி ஓடுகிறாள். புத்தகம் அவளே எழுதுகிறாள், வெள்ளிக்கிழமை கூட்டிப் பார்ப்பது என் வேலை. போன வாரம் "தூக்கம்" கட்டத்தில் 6 என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் சின்னதாக "கைப்பேசி" என்று போட்டிருந்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கு மேலே காரணம் எழுதியிருக்கிறேன்.

கட்டங்கள் போட்ட மாதிரிப் பக்கம் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கேட்கும் பள்ளிக்கு அச்செடுத்து நானே கொண்டுவந்து தருகிறேன், பாலம் தாண்டி நிபோங் திபால் வரை வரத் தயார். ஷிப்ட் இல்லாத நாளாக மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு தகப்பன்